இடக்கண் சாட்சி

“டாக்டரம்மா, உங்க வாசக்கால் வளைஞ்சு கெடக்கே, பாக்கலியா?”

உள்ளே வருவதற்கு முன்பே ஜெசிந்தா கேட்டுவிட்டாள். கேட்டவள், நிலையின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தாள். கை நேராகத்தான் போயிற்று. அவள் முகம் வெளிறிவிட்டது.

டாக்டர் பத்ருன்னிசா நாற்காலியிலிருந்து எழுந்தார். தூத்துக்குடி பாளை ரோட்டில் அந்தக் கண் மருத்துவமனையைத் தொடங்கிப் பதினாறு வருடமாகிறது. கோடு வளைகிறது, எழுத்து நெளிகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். நேர்நோக்கு லென்ஸ் வைத்தவர்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லி வந்ததில்லை. ஜெசிந்தாவின் இரண்டு கண்களிலும் அந்த லென்ஸ் இருந்தது.

“வந்து உக்காரு முதல்ல. எந்தக் கண்ணுல அப்படித் தெரியுது?”

“ரெண்டுலயுந்தான். வலதுல கூடுதல். ஆளுக மொகமெல்லாம் நடுவுல கசங்கித் தெரியுது. எங்க வீட்டுக்காரரு மூஞ்சிய ஏறிட்டுப் பாக்கவே பயமா இருக்கு.”

“எப்பருந்து?”

“லென்ஸ நிறுத்துன அன்னியிலருந்து.”

என்றைக்கு நிறுத்தினார்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். ஜெசிந்தா கொரைரா வெளித்துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். ஒன்பது நாளைக்கு முன்னால், பட்டப்பகலில், அவள் இறக்கிய கன்டெய்னரின் அடியில் முத்துமாலை என்ற தொழிலாளி நசுங்கிச் செத்துப்போனார். ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று பத்திரிகைகள் எழுதின. அன்று மாலையே நேர்நோக்கு நிறுவனம் அவளுடைய லென்ஸ்களின் இயக்கத்தைத் தூரத்திலிருந்தபடியே நிறுத்திவிட்டது.

கண்புரைக்கு வைப்பது போன்ற லென்ஸ்தான் அதுவும். ஆனால் அதற்குள் ஒரு நுண்கணினி இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒளியை அது அப்படியே உள்ளே விடாது. வாங்கித் திருத்தி, பிறகுதான் விழித்திரைமேல் விழவைக்கும். எதிர்வெயில் கூசாது, கடற்பனி மறைக்காது, நூற்றைம்பது அடி உயரத்திலிருந்து பார்த்தாலும் கன்டெய்னரின் மூலைத்துளை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். அதை வைத்துக்கொள்ளாதவர்களுக்கு வெளித்துறைமுகத்தில் கிரேன் கிடையாது. அதை வைத்துக்கொண்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் கண்களை வருடத்துக்கொரு தடவை சோதித்து, ‘தகுதி’ என்று கையெழுத்துப் போடுவது பத்ருன்னிசாவின் வேலை.

டாக்டர் கட்டம் போட்ட ஓர் அட்டையை அவள் கையில் கொடுத்து இடக்கண்ணை மூடச் சொன்னார். “நடுப்புள்ளியப் பாரு. கோடெல்லாம் எப்படி இருக்கு?”

“உள்ள இழுத்துக்கிட்டுப் போவுது டாக்டரம்மா. சுழியில தண்ணி போற மாதிரி.”

ஸ்கேன் எடுத்தார். திரையில் படம் வந்ததும் அதை மறைப்பதுபோல ஒரு கணம் அதன்முன் நின்றுகொண்டார். ஆரோக்கியமான விழித்திரையின் நடுவில் மெல்லிய ஒரு பள்ளம் இருக்கும். இங்கே பள்ளத்தைக் காணோம். விழித்திரையின் மேற்பரப்பில் வெள்ளையாக ஒரு தோல் படர்ந்து, இறுகி, அடியிலிருந்ததை மடிப்பு மடிப்பாகச் சுருட்டியிருந்தது. நட்டநடுவில் ஓர் இடம் கிழிந்துவிடும் நிலையில் மெலிந்துபோயிருந்தது. இடக்கண்ணிலும் அதே தோல், கொஞ்சம் குறைவாக.

போன ஜனவரியில் எடுத்த ஸ்கேனைத் திறந்தார். சுத்தமாக இருந்தது. அதற்கு முந்தைய வருடமும் சுத்தம். கீழே அவருடைய கையெழுத்து.

“என்னது அது?” என்றாள் ஜெசிந்தா. “ஒளிக்காமச் சொல்லுங்க.”

“கண்ணுக்குள்ள முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு ஜெல்லி இருக்கு. அது நாளாக ஆகச் சுருங்கி, விழித்திரைய விட்டுப் பிரியும். பிரியறப்போ சில பேருக்கு நுணுக்கமாக் கீறல் விழும். அந்தக் காயத்த ஆத்துறதுக்குன்னு செல்லெல்லாம் வந்து மேல படரும். படர்ந்து வெங்காயச் சருகு மாதிரி ஒரு படலம் ஆயிரும். தழும்பு சுருங்குமில்ல? அந்த மாதிரி இதுவும் சுருங்கும். சுருங்கறப்போ அடியில இருக்கற விழித்திரையையும் சேத்து இழுக்கும். அதனாலதான் வாசக்கால் வளையுது.”

“எதுனால வருது?”

“வயசானா வரும். சர்க்கரை இருந்தா வரும். கண்ணுல அடிபட்டா, உள்ள வீக்கம் கண்டா, ஆபரேஷன் பண்ணினா வரும்.”

“எனக்குச் சக்கர இல்ல. அடியும் படல.”

“ஆபரேஷன் பண்ணியிருக்கே.”

ஜெசிந்தா தன் கண்ணைத் தொடப்போய்க் கையை இறக்கிக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “மருந்து ஊத்துனா கரையுமா?”

“கரையாது. லேசா இருந்தா அப்படியே விட்டுரலாம், ஒண்ணும் பண்ண வேண்டாம். இந்த அளவுக்கு வந்துட்டா உள்ள போயி உரிச்சுத்தான் எடுக்கணும். வலக்கண்ணுல நடுவுல ஓட்டை விழப்போற மாதிரி இருக்கு. ரொம்ப நாள் தள்ள முடியாது.”

“ஒம்பது நாளுல இம்புட்டு வளருமா?”

அந்தக் கேள்வியைத்தான் டாக்டர் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். “வளராது,” என்றார். “அஞ்சு வருசமாவது ஆயிருக்கும்.”

*

டாக்டர் அனுப்பிய அறிக்கையைப் பார்த்து நிறுவனத்தின் மருத்துவப் பிரிவுத் தலைவர் கிருபாநிதி வியாழக்கிழமை காலை விமானத்தில் வந்து இறங்கினார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். ஜெசிந்தாவிடம் முதலில் வருத்தம் தெரிவித்தார். நாளைக்கே சென்னைக்கு அழைத்துப் போகிறோம், இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் ஆபரேஷன், எல்லாம் எங்கள் பொறுப்பு என்றார்.

“ஏன் இவ்வளவு அவசரம்?” என்றார் பத்ருன்னிசா.

“கண் விஷயம் டாக்டர். நீங்களே சொன்னீங்களே, தள்ளக்கூடாதுன்னு.”

“சரி. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஸ்கேன் வேணும். லென்ஸ் ஓடுறப்போ ஒண்ணு, நின்னப்போ ஒண்ணு.”

கிருபாநிதி தயங்கினார். மறுத்தால் அது மறுப்பாகவே பதிவாகும் என்று நினைத்தாரோ என்னவோ, பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து எதையோ தட்டினார். ஜெசிந்தா மூச்சை உள்ளிழுத்தாள். “நேராயிட்டு,” என்றாள். “எல்லாம் நேராயிட்டு டாக்டரம்மா.” அவள் குரலில் நிம்மதி இருந்தது.

ஸ்கேன் திரையிலும் நேராகிவிட்டது. மடிப்புகள் மறைந்தன. வெள்ளைத் தோல் மறைந்தது. நடுவில் அழகாக ஒரு பள்ளம். இருபது வயதுப் பெண்ணின் விழித்திரை அது.

பத்ருன்னிசா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிருபாநிதிதான் பேசினார். “இது கோளாறு இல்ல டாக்டர். உள்ள போற ஒளியத் திருத்தற மாதிரி வெளிய வர்ற ஒளியையும் லென்ஸ் திருத்துது. ரெண்டும் ஒரே பாதைதானே?”

“அப்போ நான் எட்டு வருசமா இவங்க கண்ணப் பாக்கல. உங்க லென்ஸ் வரைஞ்சு காட்டினதப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“அப்படிச் சொல்ல வேண்டாமே.”

“எவ்வளவு திருத்துறோம்னு லென்ஸுக்குத் தெரியுமில்ல? அந்தக் கணக்கு உங்ககிட்ட வரும்தானே?”

“வரும். ஆனா அது இயந்திரத் தகவல். மருத்துவத் தகவல் இல்ல. பகிரணும்னு ஒப்பந்தத்துல கிடையாது.”

“நடுவுல இருக்கற விழித்திரையே பிஞ்சுபோற நெலையில இருந்தா? அங்க எத வச்சுத் திருத்தும்?”

“சுத்தி இருக்கறத வச்சு நிரப்பும். இயற்கையிலேயே நம்ம கண்ணுல ஒரு குருட்டுப்புள்ளி இருக்கு, அத மூளை நிரப்பிக்கலையா? அதேதான்.”

“நிரப்புற எடத்துல ஒரு ஆள் நின்னா?”

கிருபாநிதி டேப்லெட்டில் மறுபடி தட்டி லென்ஸை நிறுத்தினார். ஸ்கேன் இயந்திரத்தின் முன்னால் மோவாயை வைத்திருந்த ஜெசிந்தா அப்படியே அசையாமல் இருந்தாள். “தரைதான் தெரிஞ்சுது,” என்றாள் மெதுவாக. “வெறுந்தரை. நான் பாத்துட்டுத்தான் எறக்குனேன். அதத்தான் எல்லார்ட்டயும் சொல்லுதேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ.”

கிளம்பும்போது கிருபாநிதி வாசலில் நின்று டாக்டரிடம் தணிந்த குரலில் சொன்னார்: “விசாரணைக் குழு மூணு வாரத்துல உக்காருது. விபத்து அதிர்ச்சியில இப்பத்தான் வந்த படலம்னுதான் எங்க வக்கீல் சொல்லுவார். அதுக்கு ஆதாரம் உங்க பழைய ஸ்கேன்தான், எட்டும் உங்க கையெழுத்தோட. நான் மிரட்டல டாக்டர். இருக்கறதச் சொல்றேன்.”

*

அவர் போனபிறகு ஜெசிந்தா நேரடியாகக் கேட்டாள். “ரெண்டு கண்ணையும் உரிச்சுட்டா விசாரணையில எதக் காட்டுவிய?”

“இன்னைக்கு எடுத்த ஸ்கேனக் காட்டலாம்.”

“நீங்க எடுத்ததுதான? எட்டு வருசம் தப்பாப் பாத்த டாக்டரு, இப்பத் தப்பிக்கத் தோதா ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்காவன்னு சொல்ல மாட்டானுவளா?”

சொல்லத்தான் செய்வார்கள். குழுவில் இருக்கும் கண் நிபுணர்கள் தங்கள் இயந்திரத்தில், தங்கள் கண்முன்னே பார்க்க வேண்டும். லென்ஸை ஓடவிட்டு ஒரு முறை, நிறுத்தி ஒரு முறை. அதற்குப் படலம் இருக்கும் ஒரு கண் வேண்டும். டாக்டர் அதைச் சொல்லத் தயங்கினார். ஆனால் ஜெசிந்தாவுக்கு அதற்குள் புரிந்துவிட்டிருந்தது.

“எடது எத்தன நாளு தாங்கும்?”

“மூணு வாரம் தாங்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. தாங்கலன்னா நடுப்பார்வை போயிரும். பொறவு உரிச்சாலும் முழுசாத் திரும்பாது. நான் இதுக்குச் சம்மதிக்க மாட்டேன் ஜெசிந்தா. ரெண்டையும் காப்பாத்துறதுதான் என் தொழில்.”

“ஒரு கண்ண எனக்கு எடுத்துக்கிடுதேன்,” என்றாள் அவள். “ஒண்ணு முத்துமாலை அண்ணனுக்கு.”

அன்று பிற்பகல் முழுவதும் டாக்டர் அவளிடம் வாதாடினார். சென்னைக்குப் போகவும் அவள் மறுத்துவிட்டதால், சனிக்கிழமை காலை தன் மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரின் வாசலில்கூட வாதாடினார். ஒப்புதல் படிவத்தில் ‘வலக்கண் மட்டும்’ என்று அவளே எழுதிக் கையெழுத்திட்டாள்.

கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டிருந்ததே தவிர அவளுக்கு நினைவு இருந்தது. முகத்தை மூடிய பச்சைத் துணியின் ஒரே துளையில் அவளுடைய வலக்கண். விழிவெள்ளையில் மூன்று நுண்துளைகள். ஒன்றில் விளக்கு, ஒன்றில் நீர், ஒன்றில் கருவி. டாக்டர் ஜெல்லியை வெட்டி உறிஞ்சி எடுத்தார். நீலச் சாயம் விட்டார். நுண்ணோக்கியில் படலத்தின் விளிம்பு தெரிந்தது. அதை இடுக்கியால் கிள்ளித் தூக்க வேண்டும். படலத்தின் கனம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கொஞ்சம் ஆழமாகக் கிள்ளினால் விழித்திரையே கையோடு வரும்.

“பேசலாமா?” என்றது துணிக்கு அடியிலிருந்து குரல்.

“பேசு. தலைய மட்டும் அசைச்சுராதே.”

விளிம்பு இடுக்கியில் மாட்டியது. டாக்டர் மிக மெதுவாக, வட்டமாக இழுக்கத் தொடங்கினார்.

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லல நான். ரெண்டு வருசத்துக்கு முன்னால, ஒரு நா காலையில லென்ஸுக்குச் சார்ஜ் ஏறல. கண்ணு மேல வைக்கிற பட்டை பழுதாயிட்டு. கால் மணி நேரம் லென்ஸ் நின்னு போச்சு. அன்னிக்கே எல்லாம் வளைஞ்சுதான் தெரிஞ்சுது.”

இடுக்கி நின்றது. படலம் பாதி உரிந்து நீரில் மிதந்தது. நர்ஸ் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

“பயந்துபோயி ரெஸ்ட் ரூம்ல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. ஒனக்கு இப்பத்தானா, எனக்கு நாலு வருசமாச்சு, எனக்கு அஞ்சாச்சுன்னாவ. நேராக் காட்டுதுல்லா, பொறவு என்னங்காவ. எல்லாருக்கும் தெரியும் டாக்டரம்மா. ஒங்களுக்குத்தான் தெரியாது.”

பத்ருன்னிசா பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் பாதி வட்டம் இருக்கிறது. நடுப்பகுதி இனிமேல்தான். மூச்சை விட்டு, பிடித்து, மறுபடி இழுத்தார். படலம் நடுப்புள்ளியின் மேலே வந்தபோது விழித்திரை கூடவே லேசாக எழும்பியது. அவர் நிறுத்தினார். திசையை மாற்றி எதிர்ப்பக்கத்திலிருந்து கிள்ளினார். எழும்பியது மெல்லப் படிந்தது. படலம் கழன்று, சுருண்டு, இடுக்கியின் நுனியில் ஒரு சிலந்தி நூலைப்போல வெளியே வந்தது.

“அழாதே,” என்றார். “அழுதா கண்ணு அசையும்.”

“நான் அழல,” என்றாள் ஜெசிந்தா. “நீங்கதான் அழுதிய போல.”

*

ஜெசிந்தா மூன்று நாள் குப்புறப் படுத்துக் கிடந்தாள். கண்ணுக்குள் விட்ட வாயுக்குமிழி நடுப்பகுதியை அழுத்திப் பிடித்து ஆற்ற வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் டாக்டர் மருத்துவமனையைப் பூட்டிக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

ஒவ்வொரு ஸ்கேனும் சுத்தமாக இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது. மனிதக் கண்கள் அப்படி இருப்பதில்லை. ஐம்பது வயதானவர்கள் இருநூறு பேரை வரிசையாக நிறுத்தினால் பத்துப் பேருக்காவது ஏதாவது ஒரு சுருக்கம், ஒரு புள்ளி, ஒரு மேடு இருக்கும். இது அவருக்குத் தெரியாததல்ல. எட்டு வருடமாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து, ‘என்ன அருமையான கண்!’ என்று நர்ஸிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆளுக்கு நான்கு நிமிடம். அருமையான கண். கையெழுத்து. அடுத்த ஆள்.

நூற்றெழுபத்திரண்டாவது கோப்பில் அவர் கை நின்றது.

கிரேன் ஓட்டுபவர்கள் மட்டுமல்ல, கீழே நின்று கன்டெய்னர்களுக்குக் கம்பி மாட்டுகிறவர்களில் முப்பது பேருக்கும் மூன்று வருடங்களுக்கு முன்னால் லென்ஸ் வைத்திருந்தார்கள். அவர்களும் இதே நாற்காலியில் உட்கார்ந்து போனவர்கள்தான். வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை: உண்டு. விழித்திரை: சீர். பணிக்குத் தகுதி. பெயர்: சு. முத்துமாலை.

அந்த முகம் அவருக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

*

மூன்று வாரம் என்றது எட்டு வாரத்தையும் தாண்டிப்போயிற்று. நிறுவனத்தின் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாய்தா. மென்பொருள் ஆவணங்கள் தயாராகவில்லை என்று இன்னொரு வாய்தா. ஏழாவது வாரம் ஜெசிந்தா போன் செய்தாள். இடக்கண்ணால் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிகிறது என்றாள்.

“ஓட்டை விழுந்துட்டு,” என்றார் டாக்டர். “இப்பவே கிளம்பி வா. இனிமே ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.”

“விசாரணைக்கு இன்னும் பதினோரு நாளுதான இருக்கு.”

“ஜெசிந்தா, நான் சொல்றதக் கேளு. உரிச்சத நான் வச்சிருக்கேன். பரிசோதனைச் சாலைக்கு அனுப்பறேன், அவங்க அதோட வயசச் சொல்லுவாங்க.”

“செத்துப்போன தோலு என்னத்தச் சொல்லும்? லென்ஸ் பொய் சொல்லுதத உசுரோட இருக்க கண்ணுதான் காட்டும்.” போனை வைத்துவிட்டாள்.

பதினோரு நாளும் டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காயல்பட்டினத்திலிருந்து அவருடைய தங்கை போனில், “லாத்தா, உங்க பேரும் அதுல வருமாமே, ஏன் நீங்களாப் போயி மாட்டிக்கிறீங்க?” என்று கேட்டாள். லென்ஸ் வைத்தவர்கள் யாரும் அவர் போனை எடுக்கவில்லை. எடுத்த ஒருவரும், “எனக்கு நல்லாத் தெரியுது டாக்டரம்மா, வெனய வெலைக்கு வாங்காதிய,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

விசாரணை வெளித்துறைமுக அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், மதுரையிலிருந்து வந்த கண் நிபுணர்கள் இருவர். அவர்கள் கொண்டுவந்த ஸ்கேன் இயந்திரத்தின் முன் ஜெசிந்தா உட்கார்ந்தாள். நீதிபதியின் உத்தரவுப்படி கிருபாநிதி லென்ஸை இயக்கினார். சுவரில் இருந்த பெரிய திரையில் சுத்தமான விழித்திரை தெரிந்தது. “நிறுத்துங்க,” என்றார் நீதிபதி. நின்றது. கசங்கிய துணிபோல மடிந்த விழித்திரையும் நட்டநடுவில் கிணறு வெட்டியதுபோல ஓர் ஓட்டையும் திரையில் வந்தன. நிபுணர்களில் மூத்தவர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். “மறுபடியும் போடுங்க,” என்றார். போட்டார்கள். மறைந்தது. நிறுத்தினார்கள். வந்தது.

வக்கீல் அசரவில்லை. “வளைவு இருக்கறது உங்களுக்கு விபத்துக்கு முன்னாடியே தெரியுமா?” என்று ஜெசிந்தாவைக் கேட்டார்.

இல்லை என்று சொன்னால் அவள்மேல் ஒரு குற்றமும் வராது. பத்ருன்னிசா தன் மடியைப் பார்த்துக்கொண்டார்.

“தெரியும்,” என்றாள் ஜெசிந்தா.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா லென்ஸ நிறுத்திருவாவ. நிறுத்துனா வேல இல்ல. நேராத்தான தெரியுதுன்னு இருந்துட்டேன். என் தப்புதான். எம்மேல என்ன போடணுமோ போடுங்க.”

அடுத்து விபத்தின் காணொளியை ஓடவிட்டார்கள். மஞ்சள் சட்டை போட்ட மனிதர் கம்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். மேலே கன்டெய்னர் இறங்கி வருகிறது. அவர் அண்ணாந்து, நேராக அதைப் பார்க்கிறார். நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார். மறுபடி குனிந்து வேலையைத் தொடர்கிறார். வக்கீல் அதோடு நிறுத்தினார். “பாத்துட்டும் நகரல. குடிச்சிருந்தாரான்னு பரிசோதிக்கவே இல்ல.”

டாக்டர் பத்ருன்னிசா எழுந்து கோப்பை நீதிபதியின் மேசையில் வைத்தார். “அவர் குடிச்சிருக்கல. அவருக்கும் அந்த லென்ஸ் உண்டு. சர்க்கரையும் உண்டு. நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த பட்டியல்ல அவர் பேருக்கு நேரா லென்ஸ்ங்கற கட்டம் காலியா இருக்கு. ஆனா அவர் என்கிட்ட மூணு தடவை வந்திருக்கார். இவ கண்ணுல தரை தெரிஞ்சுது. அவர் கண்ணுல வானம் தெரிஞ்சிருக்கணும்.”

வக்கீல் கோப்பைப் புரட்டினார். “இதுல இருக்கறது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும்,” என்றார் டாக்டர்.

*

விசாரணைக் குழுவின் உத்தரவுப்படி, அடுத்த புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்லா லென்ஸ்களையும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். துறைமுகம் முழுவதும் கிரேன்கள் நின்றன. ஆட்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். இருநூற்றுப் பதினோரு பேரில் நூற்று முப்பத்தேழு பேருக்குப் படலம் இருந்தது. பாதிப் பேருக்கு அப்படியே விட்டுவிடலாம். மீதிப் பேருக்கு உரிக்க வேண்டும். நிறுவனத்தின் செலவில் உரித்தார்கள். அதன்பிறகு அவர்களில் யாருக்கும் கிரேன் கிடைக்கவில்லை. ஜெசிந்தாவைக் கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. அவளுடைய இடக்கண் ஓட்டையை மதுரையில் அடைத்தார்கள். ஆனாலும் நடுவில் மங்கலாகத்தான் தெரிகிறது. வலக்கண் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டது. துறைமுக வாசலில் லாரிகளின் சீட்டைச் சரிபார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது.

பத்ருன்னிசாவை ஒரு வருடம் மருத்துவம் பார்க்கக்கூடாது என்றார்கள். உத்தரவு வந்த வாரத்தில் ஜெசிந்தா வந்து, “முத்துமாலை அண்ணன் வீட்டுக்குப் போறேன், வாறியளா?” என்று கேட்டாள். இருவரும் பஸ் பிடித்து முத்தையாபுரம் போனார்கள்.

முத்துமாலையின் மனைவி சொர்ணம் உள்ளே வரச்சொல்லிப் பாயை விரித்தாள். இவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியும். காப்பி கொடுத்தாள். ஜெசிந்தா தரையைப் பார்த்து அழுதாள். சொர்ணம் அவளைத் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. அழுது முடியட்டும் என்று இருந்துவிட்டு, டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

“விசாரணையில நீங்க சொன்னத எம்மவ வாசிச்சுக் காட்டுனா. அவுக கண்ணுல வானந்தான் தெரிஞ்சுதுன்னு.”

“ஆமாம்மா.”

“அப்போ கடைசிவர அவுகளுக்குத் தெரியாதா? பயந்திருக்க மாட்டாவல்லா?”

டாக்டர் வாயைத் திறந்தார். ‘பயந்திருக்க மாட்டார்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்வது எளிது. சொன்னால் இந்தப் பெண் இன்றைக்குத் தூங்குவாள். ஆனால் இரும்புக் கயிறு கிறீச்சிடும் சத்தத்தை எந்த லென்ஸும் மறைத்திருக்காது. வெயிலில் நின்றவரின் முதுகில் விழுந்த நிழலின் குளிர்ச்சியை எதுவும் திருத்தியிருக்காது. அந்தக் கடைசி நொடியில் அவர் என்ன உணர்ந்தார் என்பது இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

“எனக்குத் தெரியலம்மா,” என்றார் பத்ருன்னிசா. “சத்தம் கேட்டிருக்கும். நிழல் விழுந்திருக்கும். அப்போ அவர் என்ன நினைச்சாருன்னு என்னால சொல்ல முடியாது.”

சொர்ணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை டாக்டர் விலக்காமல் வாங்கிக்கொண்டார்.

“கம்பெனிக்காரவ வந்தாவ, வலிக்காமப் போயிட்டாருன்னாவ. வக்கீல் வந்தாரு, அவரும் அதத்தான் சொன்னாரு. சாமியாரு, சொந்தக்காரவ, வந்தவுக எல்லாம் பாத்துக்கிட்டு நின்ன மாதிரி சொல்லிட்டுப் போனாவ,” என்றாள் சொர்ணம். ஆறிப்போன காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். இருங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்.”